குடிநோய் மீட்புக் குழுக் கூட்டங்கள்: கண்டறிதலும் கலந்துகொள்ளுதலும்

குடிநோய்க்காக உள்நோயாளியாகச் சேர்ந்தவர், நடுக்கம் தணிந்து, பசியும் உறக்கமும் திரும்பி வீடு செல்லும் நாளில் குடும்பத்தார் முகத்தில் தோன்றும் நிம்மதியை நாங்கள் அறிவோம். எனினும் அன்று நிறைவடைவது சிகிச்சையின் முதற்பகுதி மட்டுமே. சம்பள நாள், பழைய நண்பர்கள், திருமண விருந்து, துக்க வீடு ஆகிய அனைத்தும் வெளியே மாறாமல் காத்திருக்கின்றன.

முன்பெல்லாம் நாங்கள் விடுவிப்புச் சீட்டில் ‘ஏ.ஏ. கூட்டத்திற்குச் செல்லவும்’ என்று ஒரு வரி எழுதி, கடமை முடிந்ததாக எண்ணினோம். மீண்டும் குடித்துத் திரும்பி வந்த ஒருவர், கூட்டம் நடைபெறும் கட்டடத்தின் எதிர்ப்புறத்தில் மூன்று வாரங்கள் நின்றுவிட்டுத் திரும்பியதாகக் கூறினார். உள்ளே என்ன கேட்பார்களோ என்ற அச்சமே அவரைத் தடுத்தது. வாசலுக்கு அப்பால் நடப்பதை முன்னரே விளக்குவதும் சிகிச்சையின் ஒரு பகுதி என்பதை அன்று உணர்ந்தோம்.

குழு தோன்றிய வகை

‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ எனப்படும் ஏ.ஏ. இயக்கம் 1935ஆம் ஆண்டு அமெரிக்காவின் அக்ரன் நகரில் தோன்றியது. அதைத் தொடங்கிய இருவருள் பில் வில்சன் பங்குச் சந்தைத் தொழிலைச் சார்ந்தவர். மற்றவரான பாப் ஸ்மித் அறுவை மருத்துவர். மதுவின் தீமையை நன்கு கற்றறிந்த மருத்துவராலும் தனியாக மீள இயலவில்லை. தம்மைப் போலவே துன்புற்ற மற்றொருவருடன் பேசிய பின்னரே அவருக்கு வழி பிறந்தது. 2020ஆம் ஆண்டு வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளைப் பரிசீலித்தது. நோயாளியை முறையாக ஏ.ஏ. குழுவுடன் இணைக்கும் சிகிச்சை, தொடர்ந்து மதுவின்றி இருப்பதற்குப் பிற உளவியல் சிகிச்சைகளைக் காட்டிலும் கூடுதலாக உதவுவதாக அது கண்டறிந்தது.

கூட்டத்தைக் கண்டறிதல்

முதலில் மனநலப் பிரிவின் சமூகப் பணியாளரிடம் கேளுங்கள். போதைப் பழக்க மீட்புக்கான தேசியக் கட்டணமில்லா எண் 14446, மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416 ஆகியவற்றையும் அழைக்கலாம். கூட்டத்தின் இடமும் நேரமும் மாறக்கூடும் என்பதால் புறப்படுமுன் தொலைபேசியில் உறுதி செய்துகொள்ளுங்கள். ‘திறந்த கூட்டம்’ எனில் குடும்பத்தாரும் வரலாம். ‘மூடிய கூட்டம்’ எனில் குடியை நிறுத்த விரும்புவோர் மட்டுமே வரலாம். நேரில் செல்ல இயலாதோர் இணையவழிக் கூட்டங்களில் சேரலாம்.

உள்ளே நடப்பது

குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே உறுப்பினராவதற்கான தகுதி. கட்டணம் இல்லை, விரும்பினால் சிறு தொகை அளிக்கலாம். முழுப் பெயர், முகவரி, சாதி, தொழில் எதையும் கூற வேண்டியதில்லை. ஒருவர் பின் ஒருவராகத் தம் அனுபவத்தைப் பகிர்வர். ‘இன்று கேட்க மட்டுமே வந்தேன்’ என்று சொல்லி அமைதியாக இருக்கலாம். தேவாலயத்திலோ பள்ளியிலோ கூட்டம் நடந்தாலும் அது எந்த மதத்தையும் சார்ந்ததன்று. கூட்டங்களில் சொல்லப்படும் மேலான சக்தியை அவரவர் புரிந்துகொண்டவாறே கொள்ளலாம். ஒரு குழு பொருந்தாவிடில் வேறொன்றை நாடுங்கள். ஒரே கூட்டத்தைக் கொண்டு முடிவெடுக்க வேண்டாம். நாள்பட மதுவின்றி வாழ்ந்துவரும் உறுப்பினர் ஒருவரை ‘ஸ்பான்சர்’ எனும் வழித்துணையாக ஏற்கலாம். குடிக்கும் வேட்கை எழும் நேரத்தில் அவரை அழைப்பதே முதற்செயலாகட்டும்.

மருத்துவ எச்சரிக்கைகள்

நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர், கூட்டத்திற்குச் செல்வதற்காகத் தாமாகவே திடீரென நிறுத்தலாகாது. நிறுத்திய சில மணி நேரத்தில் நடுக்கமும், முதல் 2 நாட்களுக்குள் வலிப்பும், 2 முதல் 4 நாட்களுக்குள் மனக்குழப்பமும் தோன்றக்கூடும். இது உயிருக்கு ஆபத்தானது. மருத்துவ மேற்பார்வையிலேயே நிறுத்த வேண்டும். குடி இன்னும் முற்றிலும் நிற்காதவரும் கூட்டத்திற்குச் செல்லலாம் என்பதை நினைவில் கொள்ளுங்கள். கூட்டத்தில் எவரேனும் மாத்திரையை விடச் சொன்னால், எங்களிடம் கேட்காமல் விடாதீர்கள். மருந்தும் குழுவும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல.

குடும்பத்தாருக்கு

குடிப்பவருக்கு மட்டுமன்றி, அவருடன் வாழ்வோருக்கும் ஆதரவு வேண்டும். 1951இல் தொடங்கிய ‘அல்-அனான்’ குழுக்கள் உறவினருக்கு உரியவை. அவர் கூட்டத்திற்குச் செல்ல மறுத்தாலும் நீங்கள் செல்லலாம். அவர் சென்று திரும்பும் நாளில், ‘அங்கே என்ன சொன்னாய்?’ என்று விசாரிக்க வேண்டாம். அங்குப் பேசியவை அங்கேயே இருக்கட்டும்.

மீண்டும் குடித்துவிட்டால் வெட்கத்தால் விலகி நிற்காதீர்கள். அந்த நாற்காலிகளில் அமர்ந்திருப்போருள் பலர் அவ்வாறு வீழ்ந்து மீண்டவர்களே. எதிர்ப்புறத்தில் நின்று திரும்பியவரும் நான்காம் வாரம் எங்கள் சமூகப் பணியாளருடன் உள்ளே சென்றார். தனியே செல்லத் தயங்குவோர் வீடு செல்லுமுன் எங்களிடம் கூறுங்கள். முதல் கூட்டத்திற்குத் துணை ஒருவரை ஏற்பாடு செய்வோம்.