சேனைக் காணியின் ஓய்வு

அறுவடைக்குப் பின் கைவிட்ட சேனையை நாம் சும்மா கிடக்கும் காணி என்கிறோம். அங்கும் வேலை நடக்கிறது. முதலில் புல்பூண்டுகள், அடுத்துப் பற்றைகள், பல்லாண்டுகளின் பின் பாலை, வீரை, முதிரை என உலர் வலயக் காடு படிப்படியாகத் திரும்புகிறது. இதுவே தாவர வழிமுறை வளர்ச்சி.

பச்சை இலை சூரிய சக்தியை உணவாக்குகிறது. இலையைத் தின்னும் வெட்டுக்கிளி, அதைத் தின்னும் ஓணான் என ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே அடுத்ததற்குச் சேரும். மிகுதியிற் பெரும்பங்கு வெப்பமாகிவிடும். சக்தி திரும்பி வராது. பசளைச் சத்தோ சருகு உக்குவதால் மண்ணுக்குத் திரும்பும்.

காட்டை எரித்தால் நைதரசனிற் பெரும்பகுதி புகையோடு போகும். சாம்பலை மழை கழுவும். மூன்று நான்கு ஆண்டுகளில் மீண்டும் எரித்தால் காணி பற்றையாகவே நிற்கும், விளைச்சலும் குறையும். நீண்ட ஓய்வு கொடுக்க வசதியில்லாதோர் எரிப்பதைக் கைவிட்டு, வேலியிற் சீமைக்கிளுவை நட்டு, அதன் தழையை மண்ணுக்கு இடுவோமாக.