மூளையும் உயிரும்

இக்காலத்து உலகாயதம் பழைய உலகாயதத்தினும் நுண்ணியது. பழையது பூதக் கூட்டத்தில் அறிவு தோன்றுமென உவமை கூறி யமைந்தது. புதியதோ மூளையின் இன்ன பகுதி பழுதுறின் இன்ன அறிவு கெடுமெனக் காட்சியளவையானே காட்டுகின்றது. அதனை இகழ்ந்து தள்ளுதல் நம்மனோர்க்கு அழகன்று. அருணந்தி சிவாசாரியர் சித்தியார் பரபக்கத்தில் உலகாயதன் கூற்றை முதற்கண் விரித்துரைத்துப் பின்னரே மறுத்தமை காண்க.

அவர் காட்டுவனவற்றுள் வலியது ஒன்று. 1848-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு வெர்மாண்டில், இருப்புப்பாதை வேலையாட்களின் தலைவனாகிய பினியாஸ் கேஜ் என்பானது தலையை, வெடிமருந்து திணிக்கும் இருப்புக்கோல் ஊடுருவிச் சென்றது. பிழைத்தான், பேசினான். ஆயினும் ஒழுங்குடையனாயிருந்தவன் பொறுமையும் நிலைபேறும் இழந்தான் என, அவனுக்கு மருத்துவஞ் செய்த ஹார்லோ எழுதினார். குணமும் மூளையின் வழியதாயின், உயிரென ஒன்று வேண்டுவதென்னை என்பது வினா.

நம்மவருட் சிலர், உயிர் உடம்பை வேண்டாது தானே அறியுமென விடை கூறுவர். அது சித்தாந்தமன்று. கருவி கூடாத கேவலத்தில் உயிர் ஆணவ இருளிற் கிடந்து ஒன்றும் அறியாதென்பதே நம் துணிபு. மாயாகாரியமாகிய கருவி விளக்குப்போல் உதவ, உயிர் சிறிதறியும். விளக்கு அவியின் கண் காணாது. அதுபற்றிக் கண்டது விளக்கே யென்பார் உளரோ? புத்தியும் அராகமும் தத்துவம் முப்பத்தாறனுள் வைத்து எண்ணப்பட்டமையின், கருவிக் கேட்டாற் குணந் திரிதல் நமக்குப் புதிதன்று. மூளையின்றி அறிவு நிகழாதென்பது வேறு. அறிவது மூளையே யென்பது வேறு. சோதனை சான்றாவது முன்னதற்கே. மூளையை ஆராய்வார்க்குப் புலனாவன நரம்பும் அவற்றின் மின்னோட்டமுமே. நோவை நோவாக உணர்வது அவர்க்குப் புலனாவதில்லை. (‘என் உடம்பு’ என்னும் வழக்கொன்றே போதுமென்பார், அது வெறுஞ் சொல்வழக்கென எதிர்வாதி கூறுதற்கு விடை தேடிக்கொள்க.)

எஞ்சி நிற்பது வினைபற்றிய இடர்ப்பாடு. கருவி பழுதுற்றான் செய்யும் பிழை ஆகாமியமாய் ஏறுமோ? பழுதுறுதல் பிராரத்தமெனினும், அப்பழுதால் நிகழ்வதனை அறிந்து செய்த வினையோடு ஒப்பவைத்தல் பொருந்தாதென்பது எம் கருத்து. பித்துற்றாரை வினைப்பயனென்று சொல்லி வீட்டிற் பூட்டிவைப்போர், அதற்குச் சைவ நூலைத் துணையாகக் காட்டுதல் எவ்வாற்றானும் ஒவ்வாது. கேஜ் தானும் பின்னர்ச் சிலி நாட்டிற் சில்லாண்டு குதிரைவண்டி செலுத்தி வாழ்ந்து, 1860-இல் இறந்தான். பழுதுற்ற கருவியும் நாளடைவில் ஒருவாறு திருந்திற்றென இன்று ஆராய்வாருட் சிலர் கொள்வர்.