விற்ற கதையும் விற்காத உரிமையும்

நம் சங்கத்தில் கதை எழுதுவோர் சிலர் உளர். அவர்களை எண்ணியே இதை எழுதுகிறேன்.

தில்லி மிராண்டா ஹவுஸ் கல்லூரியில் இந்தி கற்பித்தவர் மன்னு பண்டாரி. அவரது சிறுகதை ஒன்று 1974-இல் ‘ரஜனிகந்தா’ என்னும் படமாகி நற்பெயர் பெற்றது. பின்னர், ‘ஆப்கா பண்ட்டி’ நாவலின் திரைப்பட உரிமையை வேறொரு நிறுவனத்துக்குக் கொடுத்தார். மணமுறிந்த பெற்றோரிடையே தவிக்கும் சிறுவனின் கதை அது. ‘சமய் கீ தாரா’ என்ற பெயரில் எடுத்த படத்தில் கதையின் உயிரே மாறிவிட்டது என்று ஆசிரியை வழக்குத் தொடுத்தார்.

பணம் வாங்கியபின் முறையிடுவானேன் என்றே நானும் முதலில் நினைத்தேன். வீட்டை விற்றவர், வாங்கியவர் சுவரை இடித்தால் தடுக்க முடியுமா? (ஆனால் விற்ற வீட்டின் முகப்பில் நம் பெயர் நிற்பதில்லையே!) 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவைப் படித்த பின்புதான் தெளிந்தேன். உரிமையை எழுதிக் கொடுத்த பின்னும், படைப்பைச் சிதைத்துத் தம் மதிப்புக்கு ஊறு செய்வதை ஆசிரியர் தடுக்கலாம். தில்லி உயர்நீதிமன்றம் 1986-இல் இதனை உறுதி செய்தது. திரைக்கு வேண்டிய மாற்றங்களை ஆசிரியர் பொறுக்கத்தான் வேண்டும் என்றும் கூறிற்று. எது வேண்டிய மாற்றம்? சண்டையெல்லாம் அங்கேதான். முடிவில், ஆசிரியை பெயரும் நாவலின் பெயரும் படத்தில் இடம்பெறாமல் நீக்க இருதரப்பாரும் இசைந்தனர்.