ஆற்றில் இறங்கிய விமானங்கள்

மாணவர்களே, ஓர் ஊருக்கு விமானம் வந்து போக வேண்டுமானால் என்ன தேவை? ஓடுபாதை தேவை என்பீர்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் தென் அமெரிக்காவிலுள்ள கொலம்பியாவில், ஓடுபாதைக்குப் பதில் ஆற்றையே நம்பி ஒரு விமானக் கம்பெனி தோன்றியது. அதன் பெயர் ஸ்காட்டா.

தேசப்படத்தை எடுத்துப் பாருங்கள். கொலம்பியாவின் வடக்கே கரீபியன் கடல். அங்கே பாரன்கியா துறைமுகம். தலைநகர் போகோட்டாவோ, ஆண்டிஸ் மலைத்தொடரில் சுமார் 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இடையே அக்காலத்தில் போக்குவரத்துக்கு வழி மக்தலேனா ஆறுதான். பாரன்கியாவிலிருந்து ஹிரார்தோட் என்னும் ஊர் வரை ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் நீராவிப் படகில் சென்று, பிறகு ரயில் ஏற வேண்டும். படகுப் பயணத்துக்கே ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். ஆற்றில் நீர் வற்றினால் படகு மணல் திட்டில் தட்டி நாட்கணக்கில் நின்றுவிடும்.

1919 டிசம்பர் 5 அன்று கொலம்பியரும் ஜெர்மானியரும் சேர்ந்து பாரன்கியாவில் ஸ்காட்டாவைத் தொடங்கினர். அவர்கள் வாங்கியது யுங்கர்ஸ் எஃப்-13 என்ற விமானம். நான்கு பயணிகளுக்கே இடம். சக்கரங்களுக்குப் பதிலாக உள்ளீடற்ற இரு மிதவைகளைப் பொருத்தினர். விமானத்தின் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை மிதவைகள் ஒதுக்கின. ஆகவே அது மிதந்தது. ஆர்க்கிமிடீஸ் விதிதான்! ஆறே விமானிக்கு வழிகாட்டும் படமாகவும் இருந்தது. எஞ்சின் நின்றால் இறங்கும் இடமாகவும் இருந்தது.

அக்காலத்து விமானங்கள் பெரும்பாலும் மரமும் துணியும் கொண்டவை. வெப்பமண்டல ஈரத்தில் மரம் உப்பும், பசை விட்டுப்போகும். எஃப்-13 முழுவதும் டியூராலுமின் என்ற அலுமினியக் கலப்பு உலோகத்தால் ஆனது. அதன் தகடு நெளிநெளியாக இருக்கும். ஏன் தெரியுமா? ஒரு தாளின் ஓரத்தைப் பிடித்து நீட்டிப் பாருங்கள், தொங்கிவிடும். அதையே விசிறி போல் மடித்துப் பிடித்தால் விறைப்பாக நிற்கும். எடை கூடவில்லை, உறுதி மட்டும் கூடிற்று!

ஆனால் வெயில் விட்டுவைக்கவில்லை. குளிர்நாட்டில் செய்த எஞ்சினின் குளிர்விக்கும் நீர் கொதித்தது. ரேடியேட்டரை மாற்றி அமைக்க வேண்டியதாயிற்று. 1920 அக்டோபரில் விமானி ஹெல்முத் வான் குரோன் ஆற்றின் வழியே உள்நாட்டுக்குப் பறந்தார். வாரக்கணக்கான பயணம் எட்டு மணி நேரத்துக்குள் அடங்கிற்று.

விலையும் கொடுக்க நேர்ந்தது. 1924 ஜூன் 8 அன்று பாரன்கியாவில் நடந்த விபத்தில் அவரும், நிறுவனர்களில் ஒருவரான எர்னெஸ்டோ கோர்டிசோசும் மாண்டனர். அவ்வூர் விமான நிலையம் இன்று கோர்டிசோசின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இரண்டாம் உலகப் போர் மூண்டதும், பனாமா கால்வாய்க்கு அருகே ஜெர்மன் விமானிகள் பறப்பதை அமெரிக்கா விரும்பவில்லை. 1940இல் அவர்கள் நீக்கப்பட்டனர். ஸ்காட்டா வேறொரு கம்பெனியுடன் இணைந்து அவியாங்கா ஆயிற்று.

உங்களில் தபால்தலை சேகரிப்போர் ஸ்காட்டாவின் பெயரைச் சந்திக்கக்கூடும். விமானத் தபாலுக்காக அது சொந்தத் தபால்தலைகளையே வெளியிட்டது! வெளிநாடுகளில் விற்றவற்றின் மேல் அந்தந்த நாட்டைக் குறிக்கும் எழுத்து அச்சிட்டிருக்கும். ஜெர்மனிக்கு ‘ஏ’. ஸ்பானிய மொழியில் அந்நாட்டின் பெயர் அலெமானியா.