தெரியாத இடத்திலிருந்து தொடங்குங்கள்

"எவ்வளவு படித்தாலும் மனதில் நிற்பதில்லை. எனக்கு இனிப் படிப்பு வராது போலிருக்கிறது." ஆலோசனைக்கு வருபவர்கள் என்னிடம் அடிக்கடி சொல்லும் குறை இது. போட்டித் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்களும் சொல்கிறார்கள்; பதவி உயர்வுக்காக நாற்பது வயதுக்கு மேல் மீண்டும் புத்தகத்தைத் தொட்டவர்களும் சொல்கிறார்கள். அவர்களிடம் நான் முதலில் ஒன்றைக் கேட்பேன்: "கடைசியாகப் படித்த பாடத்தில், 'இதற்கு விடை தெரிந்தே ஆகவேண்டும்' என்று உங்களுக்கே தோன்றிய கேள்வி எது?" பலரும் சற்று யோசித்துவிட்டு, அப்படி எதுவும் தோன்றவில்லை என்பார்கள்.

சிகிச்சை தொடங்க வேண்டிய இடம் அதுதான். கேள்வி எழாத மனத்தில் விடையை எத்தனை முறை ஊற்றினாலும் வழிந்துதான் போகும். நல்ல செய்தி என்னவென்றால், கேள்வி எழுப்பும் பழக்கத்தை எந்த வயதிலும் மீட்டெடுக்கலாம்.

ஆவல் எப்படி வேலை செய்கிறது?

அறியும் ஆவலைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் ஜார்ஜ் லோவன்ஸ்டீன் 1994-இல் ஒரு விளக்கம் தந்தார். நமக்குத் தெரிந்ததற்கும், தெரிந்துகொள்ள விரும்புவதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருப்பதை உணரும்போது ஆவல் பிறக்கிறது என்பது அதன் சாரம். இதை அறிவு இடைவெளி (தெரிந்ததன் விளிம்பில் நாம் காணும் வெற்றிடம்) என்று சொல்லலாம். ஒரு துறையில் எதுவுமே தெரியாதவருக்கு அந்த இடைவெளி கண்ணில் படாது. எல்லாம் தெரியும் என்று நினைப்பவருக்கும் படாது. கொஞ்சம் தெரிந்து, எங்கே தடுக்கிறது என்று கவனிப்பவருக்கே அது தெரியும். "எனக்கு அந்தப் பாடத்தில் ஆர்வமே இல்லை" என்பவர், ஆர்வம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முதலில் கொஞ்சம் தெரிந்துகொண்டால் ஆர்வம் பின்னால் வரும்.

ஆவல் நினைவுக்கு எப்படி உதவுகிறது என்பதற்கும் சான்று உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நடந்த ஆய்வு ஒன்று 2014-இல் வெளியானது. பங்கேற்றவர்களிடம் பொது அறிவுக் கேள்விகளைக் கொடுத்து, ஒவ்வொன்றின் விடையையும் அறிய எவ்வளவு ஆவல் என்று கேட்டார்கள். விடை வரும்வரை காத்திருந்த சில நொடிகளில், சம்பந்தமே இல்லாத ஒரு முகத்தின் படத்தைக் காட்டினார்கள். ஆவல் மிகுந்த கேள்விகளின் விடைகள் நன்றாக நினைவில் நின்றன என்பதில் வியப்பில்லை. அந்த நேரத்தில் கண்ட முகங்களும் கூடுதலாக நினைவில் நின்றன என்பதே கவனிக்க வேண்டிய முடிவு. அப்போது மூளையில் டோபமைன் (எதிர்பார்ப்போடும் ஊக்கத்தோடும் தொடர்புடைய வேதிப்பொருள்) சார்ந்த பகுதிகளும், ஹிப்போகாம்பஸும் (புதிய நினைவுகளைப் பதிய வைக்க உதவும் பகுதி) சேர்ந்து இயங்கின. ஆவல் கொண்ட மனம், கேட்டதோடு கூட அருகிலிருப்பதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது.

ஆவலின் இணைபிரியாத துணை திறந்த மனப்பாங்கு (புதிய அனுபவத்தையும் மாற்றுக் கருத்தையும் ஆராயத் தயாராக இருக்கும் இயல்பு). உளவியலாளர்கள் ஆளுமையை அளக்கும் ஐந்து பெரும் பண்புகளுள் இது ஒன்று. ஆளுக்கு ஆள் இதன் அளவு வேறுபடும். ஆனாலும் இதிலிருந்து பிறக்கும் செயல்களை, அதாவது கேட்பது, சோதிப்பது, திருத்திக்கொள்வது ஆகியவற்றை, யாரும் பழகலாம்.

ஆவல் எங்கே தொலைந்தது?

பிரிட்டனைச் சேர்ந்த பார்பரா டிசார்ட், மார்ட்டின் ஹியூஸ் என்ற இரு ஆய்வாளர்கள் நான்கு வயதுச் சிறுமிகளின் பேச்சைப் பதிவுசெய்து, 1984-இல் நூலாக வெளியிட்டார்கள். வீட்டில் தாயிடம் மணிக்குச் சராசரியாக 26 கேள்விகள் கேட்ட அந்தக் குழந்தைகள், மழலையர் பள்ளியில் கேட்டவை மணிக்கு 2 மட்டுமே. அதே குழந்தை, அதே மூளை. இடம்தான் வேறு.

நம் ஊரில் இது எப்படி நடக்கிறது என்று வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "அதிகப்பிரசங்கித்தனமா பேசாதே" என்ற அதட்டல் ஒரு பக்கம். கேள்வி மனதில் எழும் முன்பே விடையை அச்சடித்துக் கையில் கொடுக்கும் 'கைடு' மறுபக்கம். இரண்டு மதிப்பெண் விடை, ஐந்து மதிப்பெண் விடை என்று பன்னிரண்டு ஆண்டுகள் பழகியவருக்கு, தெரியாது என்று சொல்வது அவமானமாகிவிடுகிறது. வேலைக்குப் போனபின் அந்த அவமான உணர்ச்சி இன்னும் கெட்டிப்படுகிறது. இது உங்கள் குற்றம் என்று நினைக்காதீர்கள். பழகிக்கொண்ட ஒன்றைப் பழகியே மாற்றிக்கொள்ளலாம்.

அறிகுறிகள்

கேள்வி எழுப்பும் பழக்கம் தொலைந்ததற்கான முதல் அறிகுறி: இரண்டாம் முறை படிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோல் இருக்கும், புத்தகத்தை மூடினால் நான்கு வாக்கியம் தொடர்ந்து சொல்ல வராது. இது பழக்க மயக்கம் (கண்ணுக்குப் பழகியதைப் புரிந்ததாக எண்ணுவது). யேல் பல்கலைக்கழகத்தின் ரோசன்பிளிட், கெய்ல் இருவரும் 2002-இல் இதை அழகாகக் காட்டினார்கள். ஜிப், பூட்டு போன்ற அன்றாடப் பொருள்கள் இயங்கும் விதம் எவ்வளவு புரியும் என்று மதிப்பிடச் சொன்னார்கள். பிறகு அதைப் படிப்படியாக விளக்கி எழுதச் சொன்னார்கள். எழுதிப் பார்த்ததும், பங்கேற்றவர்கள் தங்கள் புரிதலுக்குத் தாங்களே தந்த மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது: கேள்வியின் சொற்கள் சற்று மாறினாலும் விடை வராது. மூன்றாவது: உங்கள் கருத்துக்கு எதிரான செய்தியைப் பாதியிலேயே மூடிவிடுவீர்கள், பிறர் பேசி முடிக்கும் முன்பே "அது எனக்குத் தெரியும்" என்பீர்கள். நான்காவது: ஒரு மணி நேரம் கைபேசியில் குறுங்காணொளிகள் பார்த்தபின், அவற்றில் ஒன்றைக்கூட விளக்கிச் சொல்ல முடியாது. புதியது புதியதாகப் பார்ப்பதை ஆவல் என்று பலர் நினைக்கிறார்கள். ஆவலுக்கு ஒரு கேள்வி இருக்கும். விடை கிடைக்கும்வரை அது விடாது. வேடிக்கைக்கு அப்படி ஒன்றும் இல்லை.

என்ன செய்யலாம்?

ஐந்து பழக்கங்களைச் சொல்கிறேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். வாரத்துக்கு ஒன்று போதும்.

முதலாவது, படிக்கும் முன் ஊகியுங்கள். பாடத்தலைப்பைப் பார்த்ததும், விடை என்னவாக இருக்கும் என்று இரண்டு வரி எழுதுங்கள். ஊகம் தவறாக இருந்தாலும் பாதகமில்லை. தவறாக ஊகித்துவிட்டுச் சரியான விடையை உடனே பார்த்துக்கொள்வதும் நினைவுக்கு உதவுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஊகித்தவர் விடைக்காகப் படிக்கிறார். ஊகிக்காதவர் பக்கத்தைக் கடப்பதற்காகப் படிக்கிறார்.

இரண்டாவது, விளக்கிப் பாருங்கள். உங்கள் சமையலறையிலேயே தொடங்கலாம். குக்கரில் பருப்பு ஏன் சீக்கிரம் வேகிறது? ஒரு தாளில் எழுதுங்கள். "அழுத்தம் அதிகம்" என்பதோடு பலர் நின்றுவிடுவார்கள். அழுத்தம் கூடினால் பருப்புக்கு என்ன? நீராவி வெளியேற முடியாமல் அழுத்தம் கூடும்போது நீரின் கொதிநிலையும் (நீர் கொதிக்கத் தொடங்கும் வெப்பநிலை) உயர்கிறது. திறந்த பாத்திரத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் நீர், குக்கருக்குள் ஏறத்தாழ 120 டிகிரிவரை போகிறது. அந்தக் கூடுதல் வெப்பமே பருப்பை விரைவாக வேகவைக்கிறது. இதைப் புரிந்துகொண்டவருக்கு அடுத்த கேள்வி தானாக வரும்: அழுத்தம் குறைவான இடத்தில் என்ன ஆகும்? கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் நீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரமாகிறது. ஒரு குக்கரிலிருந்து மலைவரை வந்துவிட்டோம். தடுக்கிய இடத்தில் நின்று கேட்டதால் கிடைத்த பயன் இது.

மூன்றாவது, கேள்விக்கென ஒரு குறிப்பேடு வையுங்கள். சட்டைப் பையில் அடங்கும் சிறிய நோட்டு போதும். பேருந்தில், கடையில், வகுப்பில் தோன்றும் கேள்விகளை அப்படியே எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒன்றை மட்டும் தேர்ந்து விடை தேடுங்கள். தேடுபொறியின் முதல் வரியோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தை நூலகத்திலோ இணையத்திலோ புரட்டுங்கள். பழைய செய்தியாக இருந்தால், இன்று அது எப்படி மாறியிருக்கிறது என்பதே உங்கள் அடுத்த கேள்வி. தொழில் தெரிந்தவரிடமும் கேளுங்கள். மின்பணியாளர் வீட்டுக்கு வரும்போது, "அண்ணே, இந்தக் கம்பியை மட்டும் ஏன் தனியா மண்ணுக்குள்ள இறக்குறீங்க?" என்று மரியாதையோடு கேட்டால், எர்த் கம்பியைப் பற்றிப் பாடநூல் தராத தெளிவு கிடைக்கலாம். கேட்பதால் நீங்கள் தாழ்ந்துவிடுவதில்லை, அவரை உயர்த்துகிறீர்கள்.

நான்காவது, முரண்படும் செய்தியை உடனே எழுதிவையுங்கள். தம் முடிவுக்கு எதிரான தகவல் கண்ணில் பட்டால் தாமதிக்காமல் குறித்துக்கொள்வதைச் சார்லஸ் டார்வின் ஒரு விதியாகவே வைத்திருந்தார். பிடித்த தகவலைவிடப் பிடிக்காத தகவல் சீக்கிரம் மறந்துபோகும் என்பதை அவர் தம் அனுபவத்தில் கண்டிருந்தார். ஏற்கப்பட்ட விளக்கத்தையும் சோதித்துப் பார்ப்பதற்குச் சர் சி.வி. ராமனின் 1921 கடற்பயணம் நல்ல எடுத்துக்காட்டு. மத்தியதரைக் கடலின் அடர் நீலம் அவர் கண்ணை ஈர்த்தது. வானத்தின் நீலம் பிரதிபலிப்பதால் கடல் நீலமாகிறது என்பது பெரும் அறிஞரான ராலே பிரபுவின் விளக்கம். ராமன் அதோடு அமையவில்லை. கையோடு வைத்திருந்த நிக்கோல் பட்டகத்தால் (ஒரு தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் கடத்தும் படிகம்) நீர்ப்பரப்பில் பிரதிபலிக்கும் ஒளியைத் தடுத்துப் பார்த்தார். நீலம் போகவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்ற திசையில் தொடங்கிய தேடல், 1928 பிப்ரவரி 28 அன்று ராமன் விளைவுக்கும், 1930-இல் நோபல் பரிசுக்கும் கொண்டுசென்றது. கடலின் நீலத்தில், நீர் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்வதற்குப் பெரும் பங்கு உண்டு என்பது இன்றைய விளக்கம். ராமனின் விடையும் இறுதி விடையாக நிற்கவில்லை. திறந்த மனம் என்பது எதையும் நம்பிவிடுவதல்ல என்பதையும் இங்கே கவனியுங்கள். அவர் மறுத்ததும் சோதித்த பிறகுதான். ஏற்றதும் சோதித்த பிறகுதான்.

ஐந்தாவது, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதுங்கள். உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை இரண்டு முறை படித்தவர்களையும், ஒரு முறை படித்து ஒரு முறை நினைவிலிருந்து எழுதியவர்களையும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, இரண்டு முறை படித்தவர்களே முந்தினார்கள்: அவர்களுக்கு 81 சதவீதம், எழுதியவர்களுக்கு 75 சதவீதம். ஒரு வாரம் கழித்து நிலை தலைகீழானது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதமும், திரும்பப் படித்தவர்களுக்கு 42 சதவீதமும் நினைவில் இருந்தன. தேர்வுக்கு முந்தைய இரவு தரும் நம்பிக்கை ஏன் ஏமாற்றுகிறது என்பது இப்போது புரிந்திருக்கும். மறுநாள் ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை என்று இடைவெளி விட்டு எழுதிப் பாருங்கள். ஆவல் கதவைத் திறக்கும். உள்ளே வந்ததைத் தங்க வைப்பது இந்தப் பயிற்சி.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஒரு சொல்: அவர்கள் கேட்கும்போது உங்களுக்கு விடை தெரியாமல் இருக்கலாம், களைப்பாகவும் இருக்கலாம். "சும்மா இரு" என்று சொல்வதற்குப் பதிலாக, "எனக்கும் தெரியலடா கண்ணு, எழுதி வை, ராத்திரி சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். சொன்னபடி பார்க்கவும் செய்யுங்கள். பெரியவர்கள் தெரியாது என்று சொல்லக் கேட்டு வளரும் குழந்தை, தெரியாததற்கு அஞ்சாது.

குறுக்குவழிகள் வேண்டாம்

'மிட்பிரெயின் ஆக்டிவேஷன்' என்ற பெயரில், கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்க வைப்பதாகப் பணம் கேட்கும் வகுப்புகளுக்கு அறிவியல் அடிப்படை கிடையாது. கட்டிய துணியின் கீழிருக்கும் மூக்கோர இடைவெளியே அங்கே நடக்கும் 'அற்புதம்'. மூளையில் பத்து சதவீதத்தையே பயன்படுத்துகிறோம் என்பதும் தவறு. பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று ஆட்களைப் பிரித்து, அதற்கேற்பச் சொல்லிக்கொடுத்தால் கற்றல் மேம்படும் என்ற கருத்துக்குப் போதிய சான்று இல்லை என 2008-இல் வந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்று முடிவுசெய்தது. ஞாபகசக்தி மாத்திரைகளுக்கும் லேகியங்களுக்கும் செலவழிக்கும் பணத்தை நல்ல புத்தகங்களுக்குச் செலவிடலாம். தூக்கத்தைக் குறைத்து விழித்துப் படிப்பதும் வேண்டாம். படித்தது நினைவில் உறுதிப்படுவதில் தூக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

எல்லா மறதிக்கும் இந்தக் கட்டுரை மருந்தாகாது. முன்பு பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனாலோ, தூக்கமும் பசியும் மாறினாலோ, மறதி திடீரெனக் கூடினாலோ மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வு, தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைபாடு ஆகியவையும் இப்படித் தோன்றலாம். மூன்றுக்கும் சிகிச்சை உண்டு. மனநல உதவிக்கு அரசின் 'டெலி மானஸ்' இலவச எண் 14416. குழந்தை நன்றாகப் பேசியும், எழுத்தைப் படிக்க மட்டும் விடாமல் சிரமப்பட்டால், டிஸ்லெக்சியா (எழுத்தைப் படிப்பதில் உள்ள குறைபாடு) இருக்கிறதா என்று சோதித்துக்கொள்வது நல்லது.

மாற்றம் ஒரு வாரத்தில் வந்துவிடாது. முதல் சில வாரங்களில், தெரியாதவை கூடிக்கொண்டே போவதுபோல் தோன்றும். பதற வேண்டாம், முன்பும் அவை இருந்தவைதான், இப்போது உங்கள் கண்ணில் படுகின்றன. இன்று இரவு படுக்கும் முன் ஒரு நோட்டை எடுத்து, இன்று பார்த்ததில் உங்களுக்குப் புரியாத ஒன்றைக் கேள்வியாக எழுதுங்கள். பக்கத்தில் உங்கள் ஊகத்தையும் எழுதுங்கள். நாளை அதற்கு விடை தேடுங்கள்.