மூளைக் காயமுற்ற பிள்ளையும் வீட்டாரின் கடமையும்



தலையில் அடிபட்ட பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதும், "அல்ஹம்துலில்லாஹ், ஆபத்து நீங்கியது" என்று நாம் கடைக்குத் திரும்பிவிடுகிறோம். உயிர் பிழைத்தது இறைவன் அருள். ஆனால், பிள்ளையைத் தேற்றும் வேலை அன்றுதான் தொடங்குகிறது. அதில் பெரும்பங்கு வீட்டாருடையது.

வெளிக்காயம் ஆறினாலும் மூளையின் காயம் தேறக் காலம் செல்லும். விரைவில் களைத்தல், சொன்னதை மறத்தல், மனம் ஒன்றில் நில்லாமை, திடீரெனச் சினத்தல் ஆகியவை அதன் விளைவுகளாகும். வெளியே தழும்பு தெரியாததால் "சோம்பேறி" என்று ஏசுகிறோம். சிலர் கையும் ஓங்குகின்றனர். முறிந்த காலோடு ஓடச் சொல்லி அடிப்பதற்கே இது ஒப்பாகும்.

பிரேசில் நாட்டில் லூசியா பிராகா அம்மையாரும் அவர் குழுவினரும் 2005-ல் வெளியிட்ட ஆராய்ச்சி நமக்கு நல்ல பாடம். மூளைக் காயமுற்ற, 5 முதல் 12 வயது வரையுள்ள 87 பிள்ளைகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு நிபுணர்களே நேரில் பயிற்சி அளித்தனர். மறு பிரிவில் பெற்றோருக்குக் கற்பித்து, வீட்டின் அன்றாட வேலைகளோடு பயிற்சியைச் சேர்த்தனர். ஓராண்டில், வீட்டார் பயிற்றிய பிள்ளைகளே உடலிலும் அறிவிலும் தெளிவான முன்னேற்றம் கண்டனர். பெற்றோரின் படிப்புக் குறைவு அதற்குத் தடையாகவில்லை.

சுங்கை சிப்புட் பக்கத்துப் பழைய ரப்பர்த் தோட்டப் பகுதிகளிலிருந்து ஈப்போ ஆஸ்பத்திரிக்கு வந்து போவதற்கே ஒரு பொழுது கழிந்துவிடும். அங்கே கிடைப்பது சிறிது நேரப் பயிற்சி. மற்ற நேரமெல்லாம் பிள்ளை நம்மிடமே. ஆகவே நாம் செய்ய வேண்டியவை:

1. வீட்டில் தர வேண்டிய பயிற்சியை ஆஸ்பத்திரியில் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். மருந்தை நாமாக நிறுத்தலாகாது. வலிப்பு, ஓயாத வாந்தி, எழுப்ப முடியாத உறக்கம் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

2. ஒரு நேரத்தில் ஒரே வேலை சொல்ல வேண்டும். சில்லறை எண்ணுதல், சாமான் அடுக்குதல், அன்று நடந்ததை நன்னியிடம் சொல்லுதல் எல்லாமே பயிற்சிதான். களைத்தால் ஓய்வு தர வேண்டும்.

3. கடைக்குப் பேரேடு போல், பிள்ளைக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். உறக்கம், கோபம், புதிதாய்ச் செய்தது ஆகியவற்றைக் குறித்து டாக்டரிடம் காட்டலாம்.

4. பள்ளி ஆசிரியரிடமும் மதரஸா உஸ்தாதிடமும் உண்மையைச் சொல்ல வேண்டும். பாடம் கடினமாகும் மேல்வகுப்பிலேதான் சில குறைகள் வெளிப்படும்.

5. தாய் ஒருத்தியே சுமக்கலாகாது. வாப்பா நாள்தோறும் அரை மணி நேரமாவது கடையை விட்டுப் பிள்ளையோடு உட்கார வேண்டும்.

சமூக நலத் துறையின் ஆதரவில் இயங்கும் பி.டி.கே. நிலையங்கள் 1984 முதல் நம் நாட்டில் உள்ளன. ஊனமுற்றோர் பதிவும் அத்துறையிடமே. இவற்றை நாடுவதை மானக்கேடாக எண்ணலாகாது.

நோயாளியை நலம் விசாரிப்பது நம் மார்க்கக் கடமை. பழக்கூடையோடு அது முடிந்துவிடுவதில்லை. பிள்ளையின் வாப்பா ஆஸ்பத்திரிக்குச் செல்லும் நாளில் அவர் கடையை ஒருவர் பார்த்துக்கொண்டால், அதுவும் அக்கடமையே. அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பூரண சுகம் அருள்வானாக! ஆமீன்.