குரலை வைத்துப் பறவைக் கணக்கு

கேள்வி: புதுக்கோட்டை மாவட்டக் கோயில்காடுகளின் பறவைகளை ஒலிப்பதிவையும் செயற்கை நுண்ணறிவையும் கொண்டு கணக்கெடுக்க இயலுமா?
– வாசகர், விராலிமலை

பதில்: இயலும், ஆனால் அது இனங்களின் பட்டியலைத் தருமேயன்றி, பறவைகளின் எண்ணிக்கையைத் தராது. மரத்தில் கட்டப்படும் தானியங்கிக் கருவி இரவும் பகலும் பதியும் ஒலி, நேரத்திற்கேற்ப அதிர்வெண் ஏறியிறங்குவதைக் காட்டும் ஒலிநிரல்படமாக மாற்றப்படுகிறது. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் உருவாக்கிய பேர்ட்நெட் என்னும் மென்பொருள், பதிவை 3 வினாடித் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒலிக்கும் குரல் எப்பறவையுடையது என்பதை, அக்கணிப்பை எவ்வளவு நம்பலாம் என்னும் மதிப்பெண்ணுடன் தெரிவிக்கிறது. இருளில் குரலெழுப்புபவையும், தோற்றத்தால் இனம் பிரித்தறிய அரியவையுமான பக்கிகளுக்கு இம்முறை மிகவும் ஏற்றது. வால்பாறைப் பகுதியில் மீட்டெடுக்கப்பட்ட மழைக்காடுகளின் பறவைகளை ஆராயவும் ஒலிப்பதிவுகள் பயன்பட்டுள்ளன. எனினும், ஒரே மயில் பத்து முறை அகவியதா, பத்து மயில்கள் அகவினவா என்பதைப் பதிவிலிருந்து பிரித்தறிவது கடினம் என்பதால் எண்ணிக்கை கிடைக்காது. மேலும், கரிச்சான் வைரியின் குரலைப் போலி செய்வதால், மென்பொருளின் கணிப்பைப் பறவைக் குரல் அறிந்தவர் கேட்டுச் சரிபார்த்த பின்னரே பட்டியலில் சேர்க்க வேண்டும்.